வேலியோரத்தில் கிச்சாப்பின் வீதி

கிள்ளான்,
16.8.1998, ஞாயிறு

பாப்பா, நம் பூனை கிச்சாப் பந்திங்குக்குப் போகவில்லை, இனிப் போகப்போவதும் இல்லை, கொல்லையில் இரும்பு வேலியை ஒட்டி அவனுக்கென்று ஒரு தனி வீதியே போட்டாயிற்று, ஆள் வைக்காமல் நானே கட்டினேன்!!

இப்போது மூச்சு விட்டுக்கொண்டு ஒழுங்காக எழுதுகிறேன். அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு தரம் சண்டை போட்டு, சுகமாகத்தான் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊர் டனீடனில் நீயும் சளி இருமல் அண்டாமல், மூக்கு சிவக்காமல், படிப்பில் மனம் வைத்து நன்றாக இருக்க மாரியம்மா துணையிருப்பாள். போன வாரம் ஈமெயிலில் பூனை சுகம் என்பதற்கு "கேட் ஓகே, லெட்டர் கமிங்" என்று நான் அனுப்பியதற்கு, இது என்னம்மா தந்தியா என்று கேட்டிருந்தாய். நான் என்ன செய்வேன், இங்கிலீஷில் எனக்கு அவ்வளவுதான் சந்தோஷப்பட வரும், தமிழில் அடித்து அனுப்பினாலோ உன் பக்கம் கட்டம் கட்டமாக வருகிறது என்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். போட்டோவும் வைத்திருக்கிறேன், ஆனால் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பார், முதலிலேயே பார்த்துவிட்டால் கதையில் ருசி போய்விடும்.

நீ விமானம் ஏறிய பிறகு நம் பக்கத்து வீட்டு ஜெய்னுலாபுதீன் அங்கிள் ஒரு மெர்போக் வாங்கினார். புறா ஜாதிதான், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு, கழுத்தெல்லாம் சாம்பல் வரி. மலாய்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை திடலில் உயரமான கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிவிட்டு எந்தப் பறவை நன்றாகப் பாடுகிறது என்று போட்டி வைப்பார்களே, அந்தப் பறவை. துணிக்கடையை மூடிவிட்டு வந்தால் மனுஷன் சட்டையைக்கூட மாற்றாமல் கொல்லைக்குப் போய் அதன் முன்னால் நிற்கிறார். ஜுபைதா ஆன்டி என்னிடம் "கல்யாணம் ஆன புதுசுல என்னையே இப்படி நின்னு பாத்ததில்லக்கா" என்று வேலி வழியாகச் சொல்லிச் சிரிப்பாள். சொல்லும்போதே அவள் கை வேலிக் கம்பிகளுக்கு நடுவில் நுழைந்து நம் கறிவேப்பிலை மரத்தில் ஓர் இணுக்கை ஒடித்துக்கொண்டிருக்கும். அதுதான் உனக்கே தெரியுமே, நீ தவழ்கிற காலத்திலிருந்து அப்படித்தான், அவள் கேட்டதும் இல்லை, நான் கொடுத்ததும் இல்லை, அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் ஓடி வந்து ஒடித்துக்கொண்டு போவாள். இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது உன் கிச்சாப். வேலிக்கு அந்தப் பக்கம் போய், கூண்டுக்கு நேர் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தான். பாய்வதில்லை, கத்துவதில்லை, பார்ப்பதோடு சரி. பறவை வாயை மூடிக்கொண்டது. போட்டி நெருங்குகிறது, அங்கிளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் நம் வாசலுக்கு வந்து, உள்ளே வரச் சொன்னாலும் வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டே, "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க லா, பூனை ஒண்ணும் பண்ணல, சும்மா ஒக்காந்து பாக்குது, அவ்வளவுதான், ஆனா அது பாக்குற பார்வையில இது வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அன்று ராச்சாப்பாட்டிலேயே உன் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இருவது வருஷமா அந்த வூட்டோட ஒரு சத்தம் இல்ல, ஒரு பூனைக்காக மொகம் சுளிக்கணுமா? பூரணம் வூட்டுக்கு அனுப்பிடு. பந்திங்குல எஸ்டேட் எலி இருக்கு, ராஜா மாதிரி இருப்பான்" என்றார். போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தானே கொண்டுபோய் விடுவதாகவும் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட வேண்டும் என்றும் அவரே எல்லாம் முடிவு பண்ணிவிட்டார். எலியாம் எலி! கரப்பான்பூச்சி பறந்தால் என் சேலைக்குள் நுழைகிறவன் உன் பிள்ளை. பூரணம் அத்தை வீட்டில் மூன்று நாய், வாசலை ஒட்டியே எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரிகள். நீ சுபாங் ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாயே, அப்போதுகூட "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று என்னைச் சொல்லவில்லை, "கிச்சாப்பப் பாத்துக்கம்மா" என்றுதான் சொன்னாய். நான் தலையாட்டினேன். தலையாட்டினால் ஆட்டினதுதானே. பந்திங் விஷயத்தை உனக்கு எழுதவில்லை, அடுத்த வீட்டுக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் அந்த மனுஷன் பறவையையே விற்றுவிடுவார், அப்புறம் அந்தப் பாவம் யாருக்கு.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் நானே தட்டித் தட்டி இன்டர்நெட் பழகினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அங்கே பூனைக்காரர்கள் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறார்கள் பாப்பா! உலகம் முழுக்க! எனக்கு அங்கே "கிள்ளான் கேட் மம்" என்று பெயர், நீ சிரிக்காதே, நான் ஒரு கேள்வி போட்டால் காலையில் டெக்சாஸிலிருந்து ஒருத்தி, நார்வேயிலிருந்து ஒருத்தி என்று பதில் வந்து நிற்கிறது. பேக்டரியில் பகலெல்லாம் குனிந்து சொல்டரிங் பண்ணிவிட்டு வருகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியும். அந்த டெக்சாஸ்காரி தன் வீட்டு வேலியோரத்தில் பூனைக்குக் கம்பி வலையில் நடைபாதை கட்டியிருப்பதாகப் படம் போட்டிருந்தாள். நம் போன் லைனில் படம் மேலிருந்து வரி வரியாகத்தான் இறங்கும், முதலில் வானம் வந்தது, அப்புறம் கூரை, அப்புறம் வலை, அப்பா போன் பேச வேண்டும் என்று பின்னால் நின்று இருமுகிறார், நான் நகரவில்லை, கடைசியாக வலைக்குள்ளே ஒரு மஞ்சள் பூனை ராணி மாதிரி படுத்திருந்தது. அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துக்கொண்டது. நம்மிடமும் வேலி இருக்கிறது, நான் ஏன் கட்டக்கூடாது?

சனிக்கிழமை காலையில் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். சீனக் கடைக்காரர் நான் கோழி வலையைச் சுருள் சுருளாகத் தூக்குவதைப் பார்த்து "ஆயாம்?" என்று கோழியா வளர்க்கப்போகிறாய் என்று மலாயில் கேட்டார், "கூச்சிங்" என்று பூனையைச் சொன்னேன், மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எப்படிக் கட்டினேன் என்றால், பிளாஸ்டிக் குழாயை வாசல் வளைவு மாதிரி வளைத்து ஒரு காலை வேலிக் கம்பியோடும் இன்னொரு காலைத் தரையில் அடித்த முளையோடும் சேர்த்துக் கட்டினேன், அப்படி வரிசையாக வேலியின் முழு நீளத்துக்கும். அதன்மேல் வலையைப் போர்த்தி பேக்டரியில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கினேன். வேலிக் கம்பிகளுக்கு நடுவே அவன் நுழைந்துவிடுவான், அதனால் வேலிப் பக்கமும் அடியிலிருந்து வலை. சமையலறையில் பட்டை பட்டையாகக் கண்ணாடி செருகிய நாக்கோ ஜன்னலில் கீழ்க் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அங்கிருந்து ஒரு பலகை இறக்கினேன், அதுதான் அவன் வீட்டிலிருந்து வீதிக்கு இறங்கும் வழி. நடுவில் கறிவேப்பிலை மரம் வந்தது. வெட்ட மனசில்லை, மரத்தையும் வீதிக்குள்ளேயே விட்டு, மேலே கிளை போகிற இடத்தில் மட்டும் வலையைக் கத்தரித்துச் சுற்றி முடிந்தேன், அவன் ஏறி விளையாடட்டும் என்று. நான் போய் வர நம் பக்கம் ஒரு சின்னக் கதவு, கொக்கியை அவன் நகத்தால் தட்டித் திறந்துவிடுகிறான் என்பதால் அதற்கு ஒரு பூட்டு. அப்பா பேப்பர் படிக்கிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குழாய் என் கையிலிருந்து நழுவி அவர் தேத்தண்ணியைத் தட்டிவிட்டபோதுதான் எழுந்து வந்தார், வந்தவர் மறுமுனையைப் பிடித்தார், பிடித்தவர் சாயங்காலம் வரை விடவில்லை. வாய் மட்டும் "வேலைக்கு ஆகாது, வேலைக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வேலைக்கு ஆயிற்று! கிச்சாப் பலகையில் இறங்கி, மூக்கை நீட்டி, ஒவ்வொரு குழாயாக முகர்ந்து பார்த்து, கடைசி வரை போய்த் திரும்பி வந்தான், பழைய காலத்துத் தோட்டக் கங்காணி ஆள் கணக்கெடுக்கப் பிரட்டுக்களம் சுற்றுகிற மாதிரி. அங்கிள் தன் கூண்டை வேலியிலிருந்து தள்ளி, வீதியில் நடக்கும் கிச்சாப்பின் கண்ணில் படாத மூலைக்கு மாற்றினார். மறுநாள் காலை நான் துணி காயப்போடும்போது அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது, முதலில் ஒரு குரல், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அப்புறம் உருட்டி உருட்டி ஒரே பாட்டு! அங்கிள் கைலியோடு ஓடி வந்து வேலிக்கு அப்பாலிருந்து கட்டை விரலைக் காட்டினார். நான் அன்றைக்கே பூனைக்காரர்களுக்கு எழுதிவிட்டேன், நார்வேக்காரி வரிசையாக ஆச்சரியக்குறி போட்டிருந்தாள்.

ஆனால் பாப்பா, அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒன்று தோன்றவே இல்லை பார். ஜுபைதாவைக் கொல்லையில் காணோம். கல்யாண சீசன், மலாய்ப் பெண்கள் உடுத்துகிற பாஜு குரோங் தைக்கிற வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன். துணி எடுக்க வந்தால் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப் போனாள். நான் கூப்பிட்டால் "அடுப்புல வேலை இருக்குக்கா" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காய்கறி வேன் பக்கிரிசாமி வந்து எனக்கு முருங்கைக்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "என்னக்கா, ஒங்க வூட்டு கறிவேப்பில மரம் பட்டுப்போச்சா?" என்று கேட்டான். நன்றாகத்தானே நிற்கிறது, ஏன் கேட்கிறாய் என்றேன். "இல்ல, அடுத்த வூட்டம்மா இப்பெல்லாம் எங்கிட்டத்தான் வாங்குறாங்க, இத்தன வருஷத்துல அந்த வூட்டுக்கு நான் ஒரு இணுக்கு வித்ததில்ல, அதான் கேட்டேன்" என்றான். முருங்கைக்காய் என் கையிலிருந்து நழுவியது. நான் ஓடிப்போய் வேலியைப் பார்த்தேன். அடியிலிருந்து நுனி வரை வலை, ஒரு விரல் நுழைய இடமில்லை. மேல் கிளை அவளுக்கு எட்டாது, அவள் எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அவள் புருஷன் வந்து பூனையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அடுத்த சனிக்கிழமையே நான் மரத்துக்கு வலை அடித்து, நமக்கு மட்டும் ஒரு கதவு வைத்து, அதற்குப் பூட்டும் போட்டுவிட்டேன்! யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்?

இதைச் சரி பண்ணப் போய் இன்னும் கெடுத்தேன், அதையும் கேள். டெக்சாஸ்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன், அவள் சட்டென்று "அவளுக்கு ஒரு செடி வாங்கிக் கொடுத்துவிடு" என்று எழுதினாள். எனக்கும் அது பெரிய புத்தி மாதிரி தெரிந்தது. நம் மரத்தடியில் முளைத்திருந்த கன்றையே பெயர்த்து நல்ல தொட்டியில் வைத்து, வாசல் வழியாகப் போய் "ஜுபைதா, இந்தா, இனிமே நீ யாரையும் எதிர்பாக்க வேணாம்" என்று நீட்டினேன். நல்ல வார்த்தை என்று நினைத்துத்தான் சொன்னேன்! அவள் தொட்டியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், வாங்கவில்லை. "கணக்கத் தீத்து வைக்கிறீங்களாக்கா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க கை ஒங்க மரத்துல படக்கூடாதுன்னா வாயால சொல்லியிருக்கலாம். செடி குடுத்துப் பிரிச்சு விடுறீங்க. கறிவேப்பில எந்தப் பாசார்லயும் கெடைக்கும், அதுக்கா நான் அங்க வந்தேன்?" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே போய்த் தையல் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தேன், இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "பிரிச்சுப் போட்டுடு மாரியாயி. நல்லாத்தான் கட்டுன, ஆனா வேணாம். ஞாயித்துக்கெழம நான் அவன பந்திங்ல விட்டுட்டு வந்துடறேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொல்வதில் தப்பில்லை. நீ சின்னப் பிள்ளையாக அம்மையில் கிடந்தபோது, நான் வேலைக்குப் போக வேண்டிய நாளெல்லாம் உன்னை மடியில் போட்டுக்கொண்டு வேப்பிலை வீசியவள் அவள். ஒரு பூனையும் அவளும் ஒன்றா? ஆனால் உன்னிடம் நான் தலையாட்டியதும் பொய்யா? சனிக்கிழமை காலையில் கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து வீதிக்குள் போனேன். பிரிக்கத்தான் போனேன். ஆனால் மரத்துக்கு நேராக வந்ததும் முழுசாகப் பிரிக்கக் கை வரவில்லை, வேலிப் பக்கத்து வலையில் ஜுபைதாவின் கை போகிற அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் கத்தரித்தேன். சத்தம் கேட்டு அவள் பின்கதவுக்கு வந்துவிட்டாள், தோளில் பாதி தைத்த துணி, வாயில் குண்டூசி. "என்னக்கா பண்றீங்க?" என்றாள். "உன் கைக்கு வழி வைக்கிறேன்" என்றேன். "கை போற ஓட்டையில பூனை போகாதா?" என்று கேட்டாள். "போகும். போனா போகட்டும், அவன் எப்படியும் நாளைக்குப் பந்திங் போறான்" என்றேன். பந்திங்கா, எதற்குப் பந்திங் என்று அவள் கேட்கிறாள், நான் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் உன் பிள்ளை தலையை விட்டான், தோளைச் சுருக்கினான், எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்!

அப்புறம் நடந்ததைக் கேள். அவன் நேராக மூலையில் இருந்த கூண்டுக்கு ஓடினான். பறவை சிறகை அடித்துக்கொண்டு கூண்டில் மோதியது, இந்த முறை அவன் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இல்லை, உடம்பைத் தாழ்த்தி வாலை ஆட்டினான். நான் இந்தப் பக்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு "டேய், டேய்" என்று கத்துகிறேன், என்னால் வேறு என்ன செய்ய முடியும். ஜுபைதா குண்டூசியைத் துப்பினாள், தோளில் கிடந்த அந்தப் பாதிப் பாஜுவை மீன்காரன் வலை வீசுகிற மாதிரி வீசினாள், துணியோடு அவனை அள்ளி மார்பில் அணைத்துக்கொண்டாள். பட்டுத்துணிக்குள்ளேயிருந்து கறுப்புத் தலை மட்டும் வெளியே வந்து என்னைப் பார்த்தது, நான் என்ன தப்பு பண்ணினேன் என்கிற மாதிரி. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு "இவனையா பந்திங்குக்கு அனுப்பப் போறீங்க? எங்களுக்காகவா?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் எல்லாவற்றையும் கொட்டினேன் பாப்பா, அப்பா சொன்ன தீர்ப்பு, நீ ஏர்போர்ட்டில் சொன்னது, வலையை எதற்கு அடித்தேன், பூட்டு எதற்கு, டெக்சாஸ்காரி சொன்ன செடி, எல்லாம். அவள் கேட்டுவிட்டு, "ஏன்கா, ஊர் ஒலகத்துல இருக்கிற பூனைக்காரிங்க எல்லாத்துகிட்டயும் கேட்டீங்க, வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள். அழுதேன். அவளும் அழுதாள். கிச்சாப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்தப் பட்டில் நகத்தை மாட்டினான், அதோடு அவள் அழுகை நின்றுவிட்டது. "ஐயோ, கல்யாணப் பொண்ணு துணி! இவன பந்திங்குக்கு இல்ல, காஜாங்குக்கு அனுப்பி, குச்சியில குத்தி சாத்தே சுடணும்" என்றாள். அந்தப் பழைய ஜுபைதாவைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். ஓட்டை வேண்டும், பூனை போகக்கூடாது, அவ்வளவுதானே என்று கேட்டுவிட்டு, கெட்டியான துணி ஏதாவது கொண்டு வா என்றாள். நான் உன் அலமாரியைத் திறந்து, முட்டியில் கிழிந்த உன் பழைய ஜீன்ஸ் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு போனேன். உன்னைக் கேட்காமல் எடுத்தேன், மன்னித்துக்கொள், ஆனால் நீ எப்படியும் அந்த இடுப்புக்கு இனிமேல் திரும்பப்போவதில்லை. ஒரு காலை வெட்டி, ஒரு வாயை வலை ஓட்டையில் சுற்றிலும் தைத்து, மறு வாய்க்கு எலாஸ்டிக் கோத்துச் சுருக்கிவிட்டாள். யானைத் தும்பிக்கை மாதிரி அது உள்பக்கம் தொங்குகிறது. கையை விட்டால் எலாஸ்டிக் விரிந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும், எடுத்தால் மூடிக்கொள்ளும். வெளியே போகலாம் என்று கிச்சாப் அதன் நுனியை முட்டிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், பின்னங்காலால் உதைத்தும் பார்த்தான், ம்ஹூம். அப்புறம் ஜுபைதா அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள், நான் கதவைத் திறந்து வீதிக்குள்ளேயே போய் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டேன். நீலத் துணி அசைந்தது, எலாஸ்டிக் பிளந்தது, முதலில் விரல், அப்புறம் அந்தப் பச்சைக் கண்ணாடி வளையல். கிச்சாப் பாய்ந்து வளையலைப் பிடித்துக்கொண்டான், விடமாட்டேன் என்கிறான். வேலிக்கு அப்பால் அவள் "அடேய், கைய விடுடா, எண்ணெய் காயுது" என்று சிரிக்கிறாள், எண்ணெய் நிஜமாகவே காய்ந்துகொண்டிருந்தது, வாசனை வந்தது. ஓர் இணுக்கு ஒடித்தாள். கை போய்விட்டது. கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை! அந்த மண்ணில் அப்படியே உட்கார்ந்து நான் எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

அட்டைப்பெட்டியில் அப்பா ஏற்கெனவே ஓட்டை போட்டு வைத்திருந்தார். அதைக் காலால் தள்ளிவிட்டு போனை எடுத்து, "பூரணம், பூனை வராது. இல்ல, ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. அவனுக்கு இங்க வீதி இருக்கு, அக்கம்பக்கம் இருக்கு, வுட்டுட்டு வர முடியாது" என்று உன் அத்தையிடம் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கொல்லைக்குப் போய், நான் சரியாகக் கட்டவில்லை என்று இரண்டு குழாயை அவிழ்த்து மறுபடி கட்டினார். கட்டிக்கொள்ளட்டும். அங்கிளின் போட்டி இன்றைக்குத்தான், விடியும்போதே கூண்டோடு திடலுக்குப் போயிருக்கிறார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு நீ கட்டாயம் பதில் எழுத வேண்டும். இங்கே சாயங்கால மழை பிடித்துவிட்டது. ஜீன்ஸ் துணி நனைந்தால் காய இரண்டு நாள் ஆகிறது, நேற்று ஜுபைதா கையை விட்டுவிட்டு ஈரம் என்று முகம் சுளித்தாள். பிளாஸ்டிக்கில் தைத்தால் கிச்சாப் கடித்து விழுங்குவான். உன் ஹாஸ்டலில் பூனை வளர்க்கிற வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் இருப்பார்கள், டனீடனில் எப்போதும் மழைதானே, ஒரு நாள் எல்லாரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு உட்கார வை, போட்டோவைக் கையில் கையில் கொடு, நனையாத துணி எது, மேலே சின்னக் கூரை போடுவதென்றால் எப்படிச் சாய்ப்பது என்று ஒவ்வொருவரையும் கேள், படம் வரைந்து காட்டினால் அதையும் வாங்கி அனுப்பு. பூனைக்காரர்களிடமும் கேட்கத்தான் போகிறேன், ஆனால் இந்த முறை முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டுத்தான் கேட்கிறேன். "புள்ளைக்கு எழுதுங்க, அவ படிச்சவ" என்று சொன்னவளே அவள்தான்.

பாப்பா, காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கிளாசுக்கு ஓடாதே, ஊறுகாயை மட்டும் வைத்துச் சோற்றைத் தள்ளாதே, ஒரு பருப்பாவது வை. பரீட்சை நல்லபடி எழுதி, நினைத்தது கைகூடி, எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்து வீடு அமைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதம், ஜுபைதா ஆன்டி, அங்கிள் இருவரின் துவாவும் இதோடு வருகிறது. துணியின் பெயரைச் சீக்கிரம் எழுது, வானம் கறுத்துக்கொண்டே இருக்கிறது. பூனை நனைந்தால் நக்கிக் காயவைத்துக்கொள்ளும், அவள் கை நனையக்கூடாது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
தம்புசாமி மாரியாயி